திரையரங்கா, வீடா, மொட்டை மாடியா, ஏற்காடா: சேலத்து இணையர் எங்கே படம் பார்ப்பது?

சேலத்தில் அண்மையில் குடித்தனம் தொடங்கியவர்கள் பலரிடமிருந்து வரும் கேள்வி இது. இருவருக்கும் ஒருசேர ஓய்வு கிடைக்கும் மாலைகள் மாதத்தில் இரண்டோ மூன்றோதான். பொழுதுபோக்குக்கு ஒதுக்க முடிகிற பணமும் அளவானது. அதைத் திரையரங்குக்குச் செலவிடுவதா, ஓடிடி சந்தாக்களைக் கட்டி வீட்டு டிவியிலேயே பார்ப்பதா, மொட்டை மாடிக்கு ஒரு புரொஜெக்டர் வாங்குவதா, அல்லது பணத்தைச் சேர்த்துவைத்து ஏற்காட்டில் ஓர் இரவு தங்கி அங்கே குளிரில் போர்வைக்குள் அமர்ந்து படம் பார்ப்பதா? நான்கிற்கும் வலுவான காரணங்கள் உண்டு. ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஆண்டு முழுவதும் அதையே பின்பற்ற முயல்பவர்களுக்குத்தான் சலிப்பு விரைவில் வருகிறது. இந்த ஊரின் சித்திரையும் மார்கழியும் ஒரே மாதிரியான மாலைகளைத் தருவதில்லை.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

முதலில் பருவம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை ஆகியவை சூழ அமைந்த ஊர் சேலம். சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் தாண்டுவதும் இங்கு வழக்கம். பகலில் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் வரை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் சிறு சொல்லும் பெரிதாகத் தைக்கும், பொறுமை குறையும், மூன்று மணி நேரக் கனமான கதையை இருவரில் ஒருவராவது பாதியில் கைவிடுவார். ஆவணி முதல் ஐப்பசி வரை மாலை மழை திட்டங்களைக் கலைக்கும். ஆனால் மனம் உள்ளொடுங்கி நிதானமாகும். மார்கழிப் பனியில் உடல் சீக்கிரம் உறக்கத்தை நாடும். எந்தப் படம் என்பதைப் போலவே எந்த மாதம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, கண்ணில் படாத செலவு. டிக்கெட் விலையும் சந்தாத் தொகையும் வெளிப்படையானவை. இடைவேளைத் தின்பண்டம், முன்பதிவுக் கட்டணம், ஏசி ஓடும் மின்சாரம், வார இறுதி அறை வாடகை ஆகியவை கணக்கில் வராமலேயே போய்விடும். மூன்றாவது, மறுநாள் காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

நான்காவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: படம் முடிந்தபின் இருவருக்கும் பேசக் கிடைக்கும் நேரம். துணையோடு படம் பார்ப்பதன் பயன் பெரும்பாலும் திரை அணைந்த பிறகு வரும் அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கதாபாத்திரத்தின் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒருவர் சொல்லும்போது, நேரடியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாத ஒன்று மற்றவருக்குத் தெரியவருகிறது. பணம், பெற்றோர், பிள்ளைப்பேறு, வேலையை விடும் ஆசை ஆகியவற்றைப் பற்றிய உரையாடல்கள் பல வீடுகளில் ஒரு படத்தைச் சாக்கிட்டே தொடங்குகின்றன. ஆகவே நான்கு இடங்களையும் ஒப்பிடும்போது, அந்த அரை மணி நேரத்தை எது காக்கிறது, எது கரைக்கிறது என்பதையே நான் முதன்மையாகப் பார்க்கிறேன்.

## திரையரங்கு

சேலத்துக்காரர்களுக்குத் திரைப்படம் வெளியூரிலிருந்து வந்த பொருளன்று. டி. ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இந்த ஊரில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. அதன் நுழைவு வளைவு ஏற்காடு செல்லும் சாலையில் இன்றும் நிற்கிறது. சேர்ந்து அமர்ந்து படம் பார்க்கும் பழக்கம் இங்குள்ள குடும்பங்களில் மூன்று தலைமுறையாகத் தொடர்கிறது. தாத்தாவும் பாட்டியும் திருமணமான புதிதில் எந்தக் கொட்டகைக்குப் போனார்கள் என்று கேட்டால், தயங்காமல் சொல்லும் வீடுகள் பல.

திரையரங்கின் பெரிய பலம், கவனம் சிதறாமை. கைப்பேசி பைக்குள் போகிறது, அடுப்பில் பால் இல்லை, அழைப்புமணி இல்லை. இருவரும் ஒரே நொடியில் சிரிக்கிறார்கள், ஒரே நொடியில் அமைதியாகிறார்கள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்து ரோட்டிலிருந்து அம்மாப்பேட்டைக்கோ சூரமங்கலத்துக்கோ திரும்பும் வழியில் பேச்சு தானாக வருகிறது. வழியில் ஒரு கடையில் நின்று தட்டுவடை செட் சாப்பிட்டால் அது இன்னும் நீளும். எனது நான்காவது அளவுகோலில் திரையரங்கு முதலிடம் பெறுவது இந்தத் திரும்பும் வழியால்தான்.

செலவைப் பார்ப்போம். ஏசி அரங்கில் இருவருக்கு டிக்கெட் 300 முதல் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இணையவழி முன்பதிவுக் கட்டணம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியாகச் சேரும். வண்டி நிறுத்தமும் இடைவேளையில் ஒரு பாப்கார்னும் இரண்டு குளிர்பானங்களும் சேர்ந்தால், கிளம்பும்போது நினைத்த தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகும். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 விழுக்காடே தொடர்கிறது. ஆகவே பழைய தனித்திரை அரங்குகளில் குறைந்த விலை இருக்கைகள் இப்போது கூடுதல் சிக்கனம் தருகின்றன. ஒலியும் இருக்கையும் சுமாராக இருந்தாலும், நகைச்சுவைப் படத்திற்குக் கூட்டத்தோடு சிரிக்கும் அனுபவம் அங்கேதான் முழுமையாகக் கிடைக்கும்.

பருவத்தைப் பொறுத்தவரை, சித்திரை, வைகாசி மதியக் காட்சிக்கு இணையே இல்லை. வெளியே வெயில் கொளுத்தும் மூன்று மணி நேரத்தைக் குளிரூட்டிய அரங்கில் கழித்துவிட்டு, மாலை ஆறு மணியளவில் வெளியே வரும்போது கோபம் தணிந்திருக்கும். அந்நேரம் வீட்டில் ஏசியும் ஓடியிருக்காது. மாறாக, மார்கழியில் இரவுக் காட்சி வேண்டாம் என்பேன். விடியற்காலையில் எழுந்து கோலம் போடுகிறவரும் கோவிலுக்குச் செல்கிறவரும் நள்ளிரவுக்கு மேல் வீடு திரும்பினால் மறுநாள் முழுவதும் அதன் சுமை தெரியும். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி வெளியீடுகளின் முதல் மூன்று நாட்களையும் இணையருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அந்த ஆரவாரம் ரசிகர்களுக்கு உரியது. விசில் சத்தத்தில் வசனம் கேட்காது. இருவருமே அந்த நடிகரின் ரசிகர்களாக இருந்தால் மட்டும் தாராளமாகப் போகலாம்.

## வீடு

பெரும்பாலான தமிழ்ப் படங்கள் வெளியாகி நான்கு வாரங்கள் கழிந்ததும் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. ஆகவே வீட்டில் காத்திருப்பதால் இழப்பது ஒரு மாதம் மட்டுமே. உயர்தெளிவில் ஒரு மணி நேரம் பார்க்க ஏறத்தாழ 3 ஜிபி தரவு செலவாகும். இரண்டரை மணி நேரப் படத்திற்கு 7 ஜிபிக்கு மேல். கைப்பேசியின் தினசரித் தரவை டிவிக்குப் பகிர்ந்து பார்க்கிறவர்கள் படத்தின் பாதியில் நின்றுபோவது இதனால்தான். பிராட்பேண்டு இணைப்பு இருந்தால் இந்தக் கவலை இல்லை.

வீட்டின் மறைசெலவு சந்தாக்களின் எண்ணிக்கை. தமிழ்ப் படங்கள் பல தளங்களில் சிதறிக் கிடப்பதால், ஒன்றில் தொடங்கிய சந்தா மூன்றாகிவிடுகிறது. மூன்றையும் ஆண்டு முழுவதும் வைத்திருப்பதைவிட, மாதம் ஒன்றாகச் சுழற்சியில் எடுத்து, அந்த மாதம் அந்தத் தளத்தில் இருப்பதை மட்டும் பார்ப்பது சிக்கனம். மின்சாரத்தில் டிவியின் பங்கு மிகச் சிறிது; ஒன்றரை டன் ஏசி ஒரு படம் முடிவதற்குள் மூன்று யூனிட் அளவுக்கு எடுத்துவிடும். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழான யூனிட்டுகளுக்கும் விலை ஏறுகிறது. அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் வீட்டில் கோடை இரவுப் படங்கள் இலவசமென்று எண்ணுவது தவறு.

பணத்தைவிடப் பெரிய இழப்பு தேர்ந்தெடுப்பதில் போகும் நேரம். இரவு ஒன்பது மணிக்கு ரிமோட்டை எடுத்து, ஒன்றைக் காட்டி ஒன்றை மறுத்து, ஒன்பதே முக்கால் வரை முன்னோட்டங்களையே பார்த்துவிட்டு, இறுதியில் இருவருக்குமே பிடிக்காத ஒன்றில் போய் நிற்பது பல வீடுகளில் நடக்கிறது. இதற்கு ஒரே மருந்து காலையிலேயே முடிவெடுப்பது; ஒரு முறை ஒருவர், மறுமுறை மற்றவர், மறுக்கும் உரிமை இல்லாமல். இரண்டாவது இழப்பு, நான் மேலே சொன்ன அரை மணி நேரம். வீட்டில் படம் முடிந்த மறுகணம் ஒருவர் பாத்திரம் கழுவ எழுகிறார், மற்றவர் கைப்பேசியை எடுக்கிறார். பாத்திரத்தைப் படத்திற்கு முன்பே இருவரும் சேர்ந்து முடித்துவிட்டு அமர வேண்டும். வீட்டுப் படம் பேச்சில் முடிவதும் முடியாததும் பெரும்பாலும் அடுக்களையில் தீர்மானமாகிறது. வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழும் வீட்டில் அவருக்குப் படம் ஓய்வாக இராது.

மழை மாதங்களில் வீடே சிறந்தது. ஐப்பசி மாலையில் நனைந்து திரையரங்குக்குப் போய்த் திரும்புவதைவிட, சன்னலைச் சாத்திக்கொண்டு, நிதானமான கதையொன்றை இரண்டு இரவுகளாகப் பிரித்துப் பார்ப்பது மனத்துக்கு இதமானது. பிரித்துப் பார்ப்பதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. இடையில் வரும் பகல் முழுவதும் கதை என்னவாகும் என்ற பேச்சு இருவருக்குள்ளும் ஓடும். பெற்றோருடன் வாழும் இணையருக்கு மட்டும் கூடத்து டிவி பொருந்தாது. அவர்கள் மாதம் ஒரு முறையாவது வெளியே போவதே நல்லது.

## மொட்டை மாடி

புரொஜெக்டர் வாங்கும் ஆசை அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கையடக்கக் கருவிகள் கிடைக்கின்றன. வாங்குவதற்குமுன் மூன்று விவரங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். முதலாவது ஒளியளவு. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் லூமன் எண்ணை, அதாவது ஒளியின் அளவை, நம்பாமல், தர நிர்ணய முறைப்படி அளந்த அன்சி லூமன் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். 50 அங்குலத் திரையிலிருந்து 100 அங்குலத்துக்குப் போனால் பரப்பு நான்கு மடங்காகும். அதே ஒளி பரவுவதால் வெளிச்சம் கால்பங்காகும். மலிவான கருவியில் சிறிய திரையே அழகு. இரண்டாவது, எல்லா ஓடிடி தளங்களும் எல்லாப் புரொஜெக்டர்களிலும் முழுத் தெளிவில் ஓடுவதில்லை. உரிமம் பெறாத கருவியில் சில தளங்கள் திறக்கவே மாட்டா. ஓடிடி தளங்களை ஓட்டுவதற்கென்று செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைத் தனியாக வாங்க நேர்ந்தால் அதுவும் செலவுக் கணக்கில் சேரும். மூன்றாவது ஒலி. புளூடூத் ஸ்பீக்கரில் உதட்டசைவுக்குப் பின்னால் ஒலி வருவது பலருக்குத் தொல்லை. கம்பியில் இணைத்தால் அது தீரும்.

இவற்றோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், திரை, கொசுவர்த்தி என்று சேர்த்துப் பார்த்தால் தொகை இருபதாயிரத்தை நெருங்கலாம். ஆண்டில் எத்தனை இரவுகள் அதைப் பயன்படுத்த முடியும் என்பதே உண்மையான கேள்வி. சேலத்தில் சித்திரை இரவில் மாடித்தளம் பத்து மணிக்கும் காலைச் சுடும். ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள். திரை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆவணி முதல் மழை. மார்கழியில் பனி கருவியின் மேல் படியும். எஞ்சுவது மாசியும் பங்குனியின் முற்பாதியும், இடையிடையே தை மாதத்தின் சில நாட்களும். அவற்றிலும் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நிலவொளி திரையை வெளுக்கச் செய்யும். அமாவாசைப் பக்கத்து இரவுகளே ஏற்றவை. தெருவிளக்கு மாடியில் விழும் வீடாக இருந்தால் இதுவும் கைகூடாது. அண்டை வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் காலமும் இந்த மாசி, பங்குனிதான் என்பதால் ஒலியைக் குறைத்தே வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, வாய்க்கும் இரவுகள் அருமையானவை என்பதை மறுக்க மாட்டேன். பாய் விரித்து, தலையணை போட்டு, மேலே வானம் தெரியப் பார்க்கும் படத்தின் முடிவில் உடனே எழுந்து போக யாருக்கும் மனம் வராது. பேச்சு நீளும் இடம் என்ற வகையில் மாடி திரையரங்குக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆயினும் புரொஜெக்டரை மாடிக்காக மட்டும் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. படுக்கையறைச் சுவரிலும் ஆண்டு முழுவதும் பயன்படுத்தப் போகிறவர்கள், அதாவது டிவியே வாங்காதவர்கள், வாங்கலாம். மற்றவர்கள் நண்பர்களோடு சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்வது மேல்.

## ஏற்காடு

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் வேறொரு பருவமே இருக்கிறது. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவு. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். மாலை ஆறரை மணிக்கெல்லாம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஏரிப் படகும் லேடிஸ் சீட் காட்சிமுனையும் முடிந்துபோகும். இரவு உணவு வரை நீண்ட வெற்று நேரம் கிடைக்கும். படத்திற்கு உரிய நேரம் அதுதான்.

படம் பார்ப்பதற்காக ஏற்காடு போகக் கூடாது. ஏற்காடு போகும்போது ஒரு படத்தை உடன் எடுத்துச் செல்லலாம். எஸ்டேட்டுகளுக்கு உள்ளே இருக்கும் தங்குமிடங்களில் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது. சேலத்திலேயே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். பல தளங்களில் பதிவிறக்கிய படத்தைப் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் அது காலாவதியாகும் என்பதால், வீட்டில் சோதித்துப் பார்க்கிறேன் என்று தொடங்கிவிட வேண்டாம். தகரக் கூரையில் மழை பெய்தால் மடிக்கணினியின் ஒலி கேட்காது; வசன வரிகளோடு பதிவிறக்குவதும், முழு மின்னேற்றத்தோடு கிளம்புவதும் நல்லது.

செலவில் நான்கிலும் இதுவே உயர்ந்தது. கோடை விழா நடக்கும் மே மாதத்திலும் வார இறுதிகளிலும் அறை வாடகை பல இடங்களில் வெகுவாக உயரும்; மலைப்பாதையில் நெரிசலும் மிகும். கீழே வெந்துகொண்டிருக்கும்போது மேலே போகத் தோன்றுவது இயல்புதான். ஆனால் எல்லாருக்கும் அப்போதே தோன்றுகிறது. வார நடுவில் விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு மாசி, பங்குனி சிறந்த காலம். கோடை மழை ஒன்று விழுந்தபின் காப்பித் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்து மணக்கும் நாட்கள் வாய்த்தால், மடிக்கணினியைத் திறக்காமலேயே திரும்பினாலும் வருந்த வேண்டாம். கார்த்திகையில் மட்டும் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் ஏறக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து தடைபட்டதை இந்தப் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள்.

பேச்சைப் பொறுத்தவரை, மலையில் நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. நெடுநாள் ஒத்திப்போட்ட ஒன்றைப் பேச வேண்டியிருக்கும் இணையருக்கு இதைவிட ஏற்ற இடம் இல்லை. அதே காரணத்தால், மனத்தாங்கல் முற்றியிருக்கும்போது சமாதானத்துக்காக மட்டும் ஏற்காடு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சண்டை மூண்டால் ஒதுங்க அந்தச் சிறிய அறையில் இடமில்லை.

## பருவவாரியாக

| மாதங்கள் | முதல் தேர்வு | தவிர்க்க வேண்டியது | பொருந்தும் படம் |
|---|---|---|---|
| சித்திரை, வைகாசி | மதியக் காட்சி, திரையரங்கு | வார இறுதி ஏற்காடு, மாடி | இலகுவான நகைச்சுவை |
| ஆனி, ஆடி | திரையரங்கு அல்லது வீடு | மாடி | துப்பறியும் கதை |
| ஆவணி முதல் ஐப்பசி | வீடு | தொலைவிலுள்ள இரவுக் காட்சி | நிதானமான, நீண்ட கதை |
| கார்த்திகை, மார்கழி | வீடு, அதுவும் மாலையிலேயே | இரவுக் காட்சி | பழைய படங்கள் |
| தை | திரையரங்கு, வெளியீட்டு ஆரவாரம் தணிந்தபின் | முதல் மூன்று நாட்கள் | புதிய படம் |
| மாசி, பங்குனி | வார நடு ஏற்காடு. கருவி இருந்தால் மாடி | பௌர்ணமி இரவில் மாடி | காதல் கதை |

## இந்த அட்டவணை பொருந்தாதவர்கள்

உருக்காலையிலும் மருத்துவமனைகளிலும் ஷிப்டு முறையில் வேலை செய்வோருக்கு மாலை என்பதே நிலையில்லாதது. இரவு ஷிப்டு முடித்துக் காலையில் உறங்கி எழுந்தவருக்கு வார நாளின் மதியக் காட்சி எல்லாப் பருவத்திலும் ஏற்றது, கூட்டமும் குறைவு. விசைத்தறியோ கொலுசுப் பட்டறையோ நடத்தும் வீடுகளில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்தத் திட்டமும் நிலைக்காது. வேலைப்பளு ஓயும் வரை சந்தாக்களை நிறுத்தி வைத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாம். கைக்குழந்தை உள்ளவர்கள் திரையரங்கின் ஒலியைத் தவிர்த்து, குழந்தை உறங்கும் நேரத்தில் நாற்பது நிமிடத் தொடர் ஒன்றை வீட்டில் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்தது.

தலை ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள குடும்பங்களில் அந்த மாதம் முழுவதும் இருவரும் வெவ்வேறு ஊரில் இருப்பார்கள். ஓமலூரில் ஒருவரும் ஆத்தூரில் ஒருவருமாக இருந்தாலும், ஒரே படத்தை ஒரே நேரத்தில் தொடங்கலாம். கைப்பேசியில் பேசிக்கொண்டே பார்த்தால் இரு பக்கத்து ஒலியும் முன்பின்னாக வந்து எரிச்சலூட்டும். ஆகவே ஒன்பது மணிக்கு இருவரும் தொடங்கி, இடைவேளை வரும் இடத்தில் ஒரு முறையும் முடிந்தபின் ஒரு முறையும் அழைத்துப் பேசுவது நல்லது. இதற்கு ஒரே சந்தாவில் இரண்டு கருவிகளில் ஒரே நேரத்தில் பார்க்க அனுமதிக்கும் திட்டம் வேண்டும். மலிவான திட்டங்கள் பலவற்றில் ஒரு கருவிக்கு மட்டுமே அனுமதி என்பதால், ஆடி பிறப்பதற்குமுன் அதைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.